காரமில்லாத சல்சா

எல் சல்வடார் நாட்டு வீடுகளில் செய்யப்படும் தக்காளி சல்சா காரத்துக்காகச் செய்யப்படுவதன்று. சல்சா என்றதும், நறுக்கிய தக்காளியும் மிளகாயும் வேகாமல் கலந்து கிண்ணத்தில் வைக்கும் மெக்சிகோ வகைத் தொடுகறியையே பலரும் நினைப்பர். ஆனால் பசிபிக் கரையில் ஏறத்தாழ 21,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ள இச்சிறு நாட்டின் சல்சா, தக்காளியை வேகவைத்து, அரைத்து, மீண்டும் கொதிக்கவிட்டு இறக்குகிற நீர்த்த குழம்பு. அது ஓரத்தில் வைத்துத் தொட்டுக்கொள்வதற்கு உரியதன்று, மேலே தாராளமாக ஊற்றிக்கொள்வதற்கு உரியது.

அது ஊற்றப்படும் பண்டம் புப்புசா. மக்காச்சோள மாவைப் பிசைந்து, அதனுள் சிவப்பு பீன்ஸ் மசியல், கெசியோ எனப்படும் உருகும் பாலாடைக்கட்டி, அரைத்த பன்றி இறைச்சி, லொரோகோ என்ற கொடியின் பூமொட்டு ஆகியவற்றில் ஒன்றையோ பலவற்றையோ பொதிந்து, உள்ளங்கைகளுக்கிடையே தட்டி வட்டமாக்கி, கொமால் என்னும் தட்டைக் கல்லில் சுட்டெடுப்பதே புப்புசா. ஒலோகுயில்டா என்ற ஊர் அரிசி மாவுப் புப்புசாவுக்குப் பெயர்பெற்றது. 2005-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டமன்றம் புப்புசாவைத் தேசிய உணவாக அறிவித்து, நவம்பர் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை அதற்குரிய நாளாகவும் குறித்தது. முட்டைக்கோசு, கேரட், வெங்காயம் ஆகியவற்றை வினிகரில் ஊறவைத்த குர்த்தீதோ என்னும் ஊறலும் சல்சாவும் இல்லாமல் புப்புசாவை அந்நாட்டார் பரிமாறுவதில்லை. பாலாடைக்கட்டியின் கொழுப்பும் ஊறலின் புளிப்பும் முன்பே அமைந்துவிட்ட உணவில் சல்சாவுக்கு மீதமிருக்கும் வேலை ஈரமும் இலேசான இனிப்பும் தருவதுதான். அது காரமாகிவிட்டால் லொரோகோ மொட்டின் நுண்ணிய மணம் நாவுக்கு எட்டாமலே போய்விடும்.

மிளகாயை அறியாத மக்கள் செய்த சமையல் என்று இதைக் கருதுவதற்கு இடமில்லை. கி.பி. 600-ஐ ஒட்டி லோமா கால்தேரா எரிமலையின் சாம்பலுக்குள் புதைந்து, 1976-இல் தற்செயலாக வெளிப்பட்டு, 1993-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமான ஹோயா தெ செரேன் என்ற சிற்றூரில், மக்காச்சோளத்தோடும் பீன்ஸோடும் மிளகாயும் கிடைத்திருக்கிறது. தமிழர் சமையலறைக்கு மிளகாயையும் தக்காளியையும் தந்தது அமெரிக்கக் கண்டம். அக்கண்டத்தின் நடுப்பகுதியில், மிளகாயைத் தொன்றுதொட்டு அறிந்த மக்கள், இந்தச் சல்சாவில் அதன் காரத்தை விலக்கி வைத்திருக்கிறார்கள். காரம் வேண்டுவோர் அதைத் தனியே சேர்த்துக்கொள்வர்.

நான்கைந்து பேருக்கு அரைக் கிலோ பழுத்த தக்காளி போதும். சதைப்பற்று மிகுந்த நீளவகையே அங்கு விரும்பப்படுவதால், தமிழ்நாட்டுச் சந்தையில் அதற்கு நெருங்கியது பெங்களூர்த் தக்காளியே. நாட்டுத் தக்காளியின் புளிப்பு இதற்குச் சற்று மிகை. அத்துடன் அரை வெங்காயம், பாதிக் குடைமிளகாய், இரண்டு பல் பூண்டு ஆகியவற்றை ஒரு கோப்பைத் தண்ணீரில் பத்து நிமிடம் வேகவைத்து, தோலுரித்து, நன்றாக ஆறிய பின் வெந்த நீரோடு சேர்த்து மிக்ஸியில் அரைக்க வேண்டும். அரைத்த விழுதில் காற்று புகுந்திருப்பதால் அது அப்போது வெளிறிய இளஞ்சிவப்பாக, நுரை மிதக்கக் காணப்படும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் காயவைத்த பாத்திரத்தில் அதை ஊற்றி, உப்பும் ஒரு தேக்கரண்டி காய்ந்த ஓரிகனோ இலையும் சேர்த்துச் சிறு தீயில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால், நுரை ஓரங்களுக்கு ஒதுங்கி அடங்கி, நிறம் செங்காவியாக மாறி, தக்காளியின் பச்சை வாடை நீங்கிவிடும். அந்த நிறமாற்றமே பக்குவத்தின் அடையாளம். கரண்டியிலிருந்து தடையின்றி ஒழுகும் அளவுக்கு அது நீர்த்திருக்க வேண்டும்; இறுகிவிட்டால் சிறிது வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓரிகனோ கிடைக்காத இடத்தில் கற்பூரவள்ளி இலைகள் இரண்டைக் கொதி வரும்போது போட்டு எடுத்துவிடலாம்; இரண்டும் வெவ்வேறு செடிகளாயினும், கார்வக்ரால் என்ற ஒரே மணப்பொருள் இரண்டிலும் உண்டு. கோழிச்சாற்றுப் பொடியைச் சேர்க்கும் வழக்கம் இன்று அந்நாட்டு வீடுகளில் பரவலாக இருக்கிறது. கெட்டுப்போன வழக்கம் என்று அதைச் சொல்வதற்கில்லை. ஆயினும் தக்காளி நன்கு பழுத்திருந்தால் அப்பொடி தேவையற்றது, அதன் உப்பும் செயற்கைச் சுவையும் தக்காளியை மறைத்தே விடுகின்றன.

1980 முதல் 1992 வரை எல் சல்வடாரில் நடந்த உள்நாட்டுப் போரில் இலட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டு வெளியேறி, லாஸ் ஏஞ்சல்ஸ், வாஷிங்டன் முதலிய நகரங்களில் குடியேறினர். அங்கெல்லாம் அவர்கள் திறந்த புப்புசேரியா என்னும் சிறு கடைகளிலும் குர்த்தீதோவும் சல்சாவும் புப்புசாவோடு சேர்ந்தே வருகின்றன.

இந்தச் சல்சாவைத் தம் வீட்டில் செய்ய முனையும் தமிழ் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதல் முறையாவது கடுகு தாளிக்காமலும் மிளகாய்த்தூள் தூவாமலும் செய்து, கெட்டியான சோள ரொட்டியின் மீதோ பாலாடைக்கட்டி வைத்த அடையின் மீதோ ஊற்றி உண்டு பாருங்கள், மீந்ததை மூடிவைத்தால் குளிர்பெட்டியில் நான்கு நாள் கெடாது.