கொம்பில்லாத சுறாவின் கொம்பு

விழிஞ்ஞம் மீன்பிடித் துறையில் காலை ஏலம் முடியும் நேரம். கூடை கூடையாகச் சாளையும் நெத்திலியும் கரையேறிப் போகின்றன. ஒரு பக்கம் மாதா கோயில், மறுபக்கம் பள்ளிவாசல். தெற்கே, 2025 மே மாதம் பிரதமர் திறந்து வைத்த சர்வதேசத் துறைமுகத்தின் ராட்சத கிரேன்கள். சற்றே உள்ளே போனால் 8-ஆம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயில். ஆய் மன்னர்களின் துறைமுகமாக இவ்வூர் இருந்த காலத்தது. இத்தனையையும் விட்டுவிட்டு நான் தேடி வந்தது ஒரு மீனின் மூக்கை.

காரணம், என் பழைய பிழை ஒன்று. தமிழ் எம்.ஏ. வகுப்பில் பட்டினப்பாலை படித்தேன். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போவதில்லை. மணலில் சினைச் சுறாவின் 'கோடு' ஒன்றை நட்டு, அதில் தெய்வத்தை நிறுத்தி வணங்கிவிட்டு, உண்டு குடித்து ஆடுகிறார்கள். கோடு என்றால் கொம்பு. பிற்பாடு ஒரு கட்டுரையை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது 'சுறாவின் கொம்பு' என்றே எழுதினேன். சுறாவுக்கு ஏது கொம்பு என்று எனக்கும் தோன்றவில்லை, அச்சிட்டவர்களுக்கும் தோன்றவில்லை.

துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவரிடம் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "அது கொம்பில்ல சாரே, மூக்கு" என்று இரு கைகளையும் விரித்து நீளம் காட்டினார். அவர் சொன்னது வேளா மீன். சுறா போலத் தோன்றினாலும் இது திருக்கை இனம். செவுள்கள் அடிப்பக்கம் இருக்கும். முகத்திலிருந்து ரம்பம் போல நீண்ட குருத்தெலும்புத் தகடு, இரு ஓரமும் பற்கள். சேற்றில் இரையை உணர்ந்தறிவதற்கும், வீசி வெட்டுவதற்கும் அதுவே கருவி. குட்டி போடும் மீன் இது. தாயைக் கிழிக்காதபடி, பிறக்கும்போது குட்டியின் ரம்பத்தை ஓர் உறை மூடியிருக்கும். குட்டி போட வேளா கரையோர ஆழமற்ற நீருக்கு வரும். புலவர் 'சினை' என்று குறிப்பிட்டது வெறும் அடைமொழியல்ல, மீனவர் கண்டதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

தொல்காப்பியத்துக்கு உரையெழுதிய நச்சினார்க்கினியர் இன்னொரு செய்தி தருகிறார். வலையில் மீன் விழாமல் போனால், நெய்தல் நிலத்துப் பெண்கள் உறவினரோடு கூடிச் சுறவுக்கோடு நட்டு வேண்டுவார்களாம். அங்கே வருணன் வெளிப்படுவானாம். திருவிழாவுக்கு மட்டுமல்ல, பஞ்சத்துக்கும் அதுவே துணை.

தமிழருக்கு மட்டும் தோன்றிய எண்ணமல்ல இது. மெக்சிகோவில் அஸ்டெக்குகள் தங்கள் பெருங்கோயிலின் அடியில் வேளா ரம்பங்களைக் காணிக்கையாகப் புதைத்தார்கள். தைவானில் சாமியாடிகள் கையில் ஏந்தும் ஆயுதங்களில் இதுவும் ஒன்று.

1544-ல் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையின் முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மணலில் நட்ட தெய்வம் போயிற்று. ஆனாலும் முதியவரின் வீட்டில் அவருடைய அப்பூப்பன் பிடித்த வேளாவின் ரம்பம் நெடுநாள் இருந்தது. மாதா படத்துக்குப் பக்கத்தில், 4 அடி நீளத்தில். யாரும் கும்பிடவில்லை. யாரும் அகற்றவும் இல்லை.

2001-ல் வேளா மீன்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. பிடித்தாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டுவரை சிறை. உரிமைச் சான்றிதழ் இல்லாமல் ரம்பத்தை வைத்திருப்பதும் குற்றம். பேரன் இதைக் கேள்விப்பட்டு வந்து சொன்னபோது முதியவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் ஒரு நாள் வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலிலேயே போட்டுவிட்டார்.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. பற்கள் வலையில் எளிதாகச் சிக்கிக்கொள்வதால் வேளாவுக்கு அந்த ரம்பமே எமன். துடுப்புக்கும் அலங்காரப் பொருளுக்கும் நடந்த வேட்டை மிச்சத்தைத் தீர்த்தது. உலகில் உள்ள 5 வகைகளுமே இன்று அழியும் பட்டியலில். ஆனால், பாட்டன் சொத்தாக வந்த ரம்பத்தை, எங்கே எந்த ஆண்டு பிடித்தது என்ற குறிப்போடு, வழக்கு பயமின்றி ஓர் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வழி இருந்திருக்கலாம். பட்டினப்பாலைக்கு உரை எழுதுபவருக்கும் மீன் ஆய்வாளருக்கும் அது ஒருசேரச் சான்றாகியிருக்கும். இப்போது அது கடலடியில் கிடக்கிறது.

கிளம்பும்போது, இப்போது வலையில் வேளா வருகிறதா என்று கேட்டேன்.

"வந்தா வலையை அறுத்து விட்டுடணும்னு சொல்லியிருக்காங்க" என்றார், தலை நிமிராமல். "அறுத்து விட்டுடறோம் சாரே. முதல்ல அது வரட்டும்."