முத்து மரம் ஏறிய கதை

போன வாரம் நான் போட்ட பழைய படத்தில் என் நாற்காலிக்கு அடியில் நிற்பது வான்கோழியா என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லை, அது கின்னிக்கோழி. ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது. சாம்பல் நிற உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, மொட்டைத் தலையில் சின்னக் கொம்பு. புள்ளியைப் பார்த்துத்தான் முத்து என்று பெயர் வைத்தோம்.

அது தாயில்லாமல் பிறந்ததற்கு என் கணக்குப் பிழைதான் காரணம். நண்பர் கொடுத்த ஆறு கின்னி முட்டைகளையும் ஐந்து நாட்டுக்கோழி முட்டைகளையும் ஒரே நாளில் அடை வைத்துவிட்டேன். நாட்டுக்கோழிக்கு 21 நாள். இதற்கு 26 முதல் 28 நாள். கின்னி முட்டையை ஒரு வாரம் முன்னதாக வைத்திருக்க வேண்டும். கழித்தல் கணக்குக்காக உங்கள் காதையெல்லாம் திருகியவன் செய்த வேலை இது! 22ஆம் நாள் தாய்க்கோழி தன் குஞ்சுகளோடு எழுந்து போய்விட்டது. மிச்ச முட்டைகளை அட்டைப்பெட்டியில் வைத்து, 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தேன். ஒன்றுதான் பொரித்தது.

அது கண்ட முதல் முகம் என்னுடையது. கரையானும், அவித்துப் பொடித்த முட்டையும் ஊட்டினேன். ஈரம் பட்டால் கின்னிக் குஞ்சு தாங்காது என்பதால் மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள்தான். பேப்பர் படிக்கும்போது மடியில் தூங்கும். கடைக்குப் போனால் பின்னாலேயே ஓடி வரும். பெட்டைக்கு மட்டும் இரண்டு அசையில் ஒரு கூவல் உண்டு. சேவலுக்கு அது வராது. முத்து முதன்முதலில் அப்படிக் கூவியபோது, "பொம்பளப் பிள்ளைதாங்க. உங்களத்தான் எங்கே, எங்கேன்னு தேடுது" என்றாள் என் மனைவி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு கண்புரை அறுவைக்காக மகள் வீட்டில் பத்து நாள் தங்கினேன். தினமும் போனில் அந்த "எங்கே" கேட்டது. இரை சரியாக எடுக்கவில்லையாம். கறுப்புக் கண்ணாடியோடு திரும்பியவனைப் பார்த்து மிரண்டு கத்தியது. "முத்து" என்றதும் வந்து என் செருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. கூட்டமாக வாழ வேண்டிய பறவை. எனக்கு வயது அறுபத்தேழு. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வளர்ந்த கின்னிகள் மூன்று வாங்கினேன். வலைக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவை என்று இரண்டு வாரம் பழக்கினேன். திறந்துவிட்டதும் மூன்றும் சேர்ந்து கொத்தின. முத்து என் வேட்டிக்குள் வந்து ஒளிந்தாள். தூக்கி உள்ளே கொண்டுபோய்விடத்தான் கை பரபரத்தது. தூக்கவில்லை.

ஒரு மாதம் ஆயிற்று. பகலில் கூட்டத்தோடு மேய்ந்தாலும் பொழுது சாய்ந்ததும் திண்ணைக்கு வந்துவிடுவாள். ஒருநாள் சாயங்காலம் கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றேன். வெளியே "எங்கே, எங்கே". அரைமணி நேரம். "உங்களுக்கு என்ன கல்நெஞ்சா?" என்று திட்டிவிட்டு என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். பிறகு சத்தமே இல்லை. நாய் கவ்வியிருக்குமோ என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். வேப்பமரக் கிளையில் நான்கு உருவம். கடைசியில் இருந்தது முத்து.

இப்போது காலையில் கம்பு தூவினால் நான்கும் வரும். கையில் வைத்து நீட்டினால் முத்து கழுத்தை நீட்டிப் பார்ப்பாள், பிறகு மற்றவற்றோடு தரையில் கொத்தப் போய்விடுவாள். பொங்கலுக்கு வருகிற பிள்ளைகள் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுங்கள். மரத்தில் ஏறியபின் டார்ச் அடிக்க விடமாட்டேன்.