ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேட்க இரண்டு கேள்விகள்

நான் பழைய பாணிக் கிறிஸ்தவள். வேதம்தான் எனக்குக் கடைசி வார்த்தை. திருமணம் ஆயுளுக்கும். மது கூடவே கூடாது. மதுக்கடையைப் பற்றி வாய் திறக்காத கட்சிக்காரர்களுக்குச் சபையில் பொன்னாடை போர்த்தினால் மனசு கொதிக்கிறது.

ஆனால் விசுவாசம் அதோடு முடிந்துவிடுமா? எங்கள் கொல்லிமலைக்கு வந்த மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டும் மனைவி எவலினும் கண்டிப்பான பாப்டிஸ்டுகள். பிரசங்கித்த கையோடு மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள். வட்டிக்கடனில் சிக்கிய மலைமக்கள் பக்கம் நின்றார்கள். 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். மகன் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்த மருத்துவர். எவலின் முதுமையிலும் மலைக்குத் திரும்பி, 1974இல் மறையும்வரை ஊழியம் செய்தார்.

இப்போது அதே மலைமக்களில் மதம் மாறியவர்களை அரசின் பழங்குடியினர் பட்டியலிலிருந்து நீக்கு என்கிறார்கள் சிலர். பட்டியல் சாதியினருக்கு 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை மத வரம்பு வைத்தது. தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் அந்தப் பட்டியலுக்கு வெளியேதான். பழங்குடியினருக்கு அந்த வரம்பு கிடையாது. ஞானஸ்நானம் எடுத்ததால் எங்கள் மலையின் ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தின் வறுமை தீர்ந்துவிட்டதா என்ன? இதைத் தொடாமல் ஒழுக்கத்தை மட்டும் பேசுவது பாதிப் பிரசங்கம்.

இந்த முறை வேட்பாளர் வந்தால் கேட்கப்போகிறேன்: டாஸ்மாக் மதுக்கடைகளை மூடுவீர்களா? பழங்குடியினர் பட்டியலில் கைவைக்காமல் இருப்பீர்களா?