அப்பா, ஆர்.வி., சில மலைகள்

அமெரிக்காவுக்குப் படிக்க வந்து இரண்டு வருடம் கழித்து, 2023 ஜூலையில், அப்பாவையும் அம்மாவையும் வரவழைத்தேன். ஊரிலிருந்து வருகிறவர்களை நயாகராவுக்கும் லாஸ் வேகாசுக்கும் கூட்டிப் போவதுதான் இங்கே நம்மவர்கள் வழக்கம். நான் இருப்பது கொலராடோவில். மேற்கே பார்த்தால் மலை. எதற்கு விமானச் செலவு என்று, ராக்கி மவுண்டன், கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் என மூன்று தேசியப் பூங்காக்களை ஒன்பது நாளில் சுற்றி வருவதாகத் திட்டம் போட்டேன். வாகனம் ஆர்.வி.

ஆர்.வி. என்றால் தெரியாதவர்களுக்கு: முன்பக்கம் வேன், பின்பக்கம் வீடு. நாங்கள் எடுத்தது 25 அடி நீளம். டிரைவர் தலைக்கு மேலே ஒரு கட்டில், பின்னால் ஒரு கட்டில், நடுவில் கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ், குளியல். இதை ஓட்டத் தனி லைசென்ஸ் எதுவும் வேண்டாம், கார் லைசென்ஸ் போதும். அப்பாவால் இதை நம்பவே முடியவில்லை. "ஹெவி கேக்க மாட்டாங்களா?" என்று மூன்று தடவை கேட்டார்.

இந்தப் பெரிய வண்டியை எடுத்ததற்குக் காரணம் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, நினைத்த இடத்தில் கக்கூஸ் வேண்டும். அதோடு வெளியில் வாங்கித் தருவது எதையும் சாப்பிட மாட்டார். காரில் போயிருந்தால் ஒன்பது நாளும் வாழைப்பழத்திலேயே ஓட்டியிருப்பார்.

இப்போது அப்பாவைப் பற்றி. அப்பா அரசு பஸ் டிரைவர். பொள்ளாச்சி - வால்பாறை ரூட்டில் 24 வருடம். ஆழியாறு தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட பலகை. பள்ளிக்கூட லீவில் அந்த பஸ்ஸில் போய் ஒன்பதாவது வளைவுக்குள் வாந்தி எடுத்துவிடுவேன். கடைசி மூன்று வருடம் சர்க்கரை வியாதியால் கண்ணில் கோளாறு வந்து, டிப்போவில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு அவர் எந்த வண்டியையும் தொடவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே வந்ததிலிருந்து, அப்பா என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும் 'அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். பொய் இல்லை. ஆனால் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அப்பா வந்த வாரம் பேராசிரியர் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோதும் இதே கேள்வி, இதே பதில். அப்பாவுக்கு இங்கிலீஷ் அதிகம் வராது. ஆனால் 'கவர்ன்மென்ட்' என்ற வார்த்தை அவருக்குத் தெரியும். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு சூப் குடிக்க ஆரம்பித்தார்.

வண்டி கொடுத்த இடத்தில் அரை மணி நேர வீடியோ ஒன்றைப் பார்க்கச் சொன்னார்கள். நான் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். அந்த நேரத்தில் அப்பா வண்டியைச் சுற்றி வந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மைலேஜ் கேட்டார். கேலனுக்கு எட்டு, ஒன்பது மைல், அதாவது லிட்டருக்கு மூன்றரை, நான்கு கிலோமீட்டர் என்றேன். "மூணு பேருக்கா? அம்பது பேரை ஏத்திட்டு மலையேறுற நம்ம பஸ்ஸே நாலு குடுக்குமே" என்றார்.

முதல் நாளே ட்ரெயில் ரிட்ஜ் ரோடு. ராக்கி மவுண்டன் பூங்காவின் குறுக்கே, எஸ்டஸ் பார்க்கிலிருந்து கிராண்ட் லேக் வரை 48 மைல். உச்சி 12,183 அடி. வால்பாறையைப் போல மூன்று மடங்குக்கு மேல். மரங்களே வளராத உயரத்தில் 11 மைல் போகிறது. பல இடங்களில் ஓரத்தில் தடுப்பே கிடையாது. பனிக்காலத்தில் சாலை எங்கே இருக்கிறது என்று பனி அள்ளும் வண்டிக்குத் தெரிய நட்ட நீளமான கம்புகள் மட்டும் வரிசையாக நிற்கும். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அப்பா பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏற்றம் முழுக்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வளைவுல யாருமே ஹாரன் அடிக்க மாட்டேங்கறாங்களே, ஏன் தம்பி?"

உச்சியில் அம்மாவுக்குத் தலைவலி. காற்றில் ஆக்சிஜன் குறைவு என்று விளக்கிவிட்டு, சீக்கிரம் கீழே இறங்கலாம் என்று மேற்குப் பக்கமாகக் கிளம்பினேன். அந்த 'சீக்கிரம்'தான் வினை.

"கியரைக் கொறைச்சுக்கோ தம்பி" என்றார் அப்பா.

"இது ஆட்டோமேட்டிக்குங்ப்பா. அதுவே பாத்துக்கும்."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "எந்த கியர்ல ஏறினயோ அந்த கியர்ல எறங்கணும். பிரேக்கை மிதிச்சுட்டே போகாத."

"அதெல்லாம் உங்க பஸ்ஸுக்குங்ப்பா. இது வேற."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. மில்னர் பாஸ் என்ற கணவாய் தாண்டி இறக்கம் அதிகமானது. காலை பிரேக்கிலிருந்து எடுத்தால் ஐந்து டன் வண்டி ஓட ஆரம்பிக்கிறது. அதனால் மிதித்தேன், மிதித்துக்கொண்டே இருந்தேன். பின்னாலிருந்து அம்மா "ஏனுங்க, என்னமோ கருகுற வாசம் வருதே, அடுப்பு அணைச்சேனா?" என்றார். அப்பா திரும்பாமலே, "அடுப்பு இல்ல. பிரேக்கு" என்றார். அடுத்த வளைவில் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. அந்த இரண்டு நொடிகளை இன்றைக்கும் என் வலது கால் மறக்கவில்லை.

நல்லவேளையாக ஃபார்வியூ கர்வ் என்ற இடத்தில் வண்டி நிறுத்த வசதி இருந்தது. நிறுத்தினேன். முன்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. நான் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். "சூட்டுல தண்ணி பட்டா இரும்பு கோணிக்கும். சும்மா விடு, அதுவே ஆறும்." சமமில்லாத தரையில் வண்டியைச் சமமாக நிறுத்துவதற்கென்று ஆர்.வி.யில் பிளாஸ்டிக் பலகைகள் கொடுத்திருந்தார்கள். அதில் இரண்டை எடுத்து வந்து சக்கரத்துக்குக் கட்டை போட்டார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். கீழே பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஓடை நெளிந்து போகிறது. அதுதான் கொலராடோ நதி! ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு கிராண்ட் கேன்யனை அறுத்த நதி, பிறந்த இடத்தில் நம் ஊர் வாய்க்கால் அளவுதான். பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் முழுக்கக் கரிக்கட்டையாக மரங்கள், 2020 அக்டோபர் காட்டுத்தீயில் எரிந்தவை. எதிரே இருக்கும் மலைத்தொடருக்குப் பெயர் 'நெவர் சம்மர்', கோடையே வராத மலை. அதன் இடுப்பில் கயிறு கட்டியதுபோல நீளமாக ஒரு கோடு.

"அது ரோடா?" என்றார் அப்பா.

அங்கிருந்த பலகையைப் படித்துச் சொன்னேன். ரோடு இல்லை, கால்வாய். கிராண்ட் டிட்ச் என்று பெயர். 1890-ல் வெட்ட ஆரம்பித்தது. மேற்கே பசிபிக் பக்கம் போகவேண்டிய மலைத் தண்ணீரை வழிமறித்து, மலைவிளிம்பிலேயே ஓட்டி, கணவாய் வழியாகக் கிழக்குப் பக்கம் திருப்பி, நான் படிக்கும் ஊர்ப்பக்கத்து வயல்களுக்குக் கொண்டுபோகிறது.

அப்பாவின் முகம் மாறியது. "அட, இது நம்ம பி.ஏ.பி. தம்பி!"

பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம். மேற்கே ஓடிப்போகும் ஆறுகளை அணை கட்டி, மலையைக் குடைந்து, காண்டூர் கால்வாயில் மலையோரமாகவே நடத்தி, கிழக்கே பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குக் கொண்டுவந்த திட்டம். 1958-ல் தொடங்கியது. எங்கள் தாத்தா சுரங்க வேலைக்குக் கல் சுமக்கப் போனவராம். மேல் ஷோலையாறு அணைக்கு வேலையாட்களை லாரியில் ஏற்றிப் போவதை வேடிக்கை பார்த்துத்தான் தனக்கு டிரைவர் ஆசையே வந்தது என்றார். இருபத்தாறு வருடம் அவரோடு இருந்திருக்கிறேன், இதை நான் கேட்டதே இல்லை. மழையில் மண் சரிந்து பதினேழாவது வளைவில் இரவு முழுக்க பயணிகளோடு நின்றது, ஆனைக்கு வழிவிட அரை கிலோமீட்டர் ரிவர்ஸில் வந்தது, பிரேக் ஏர் இறங்கிய பஸ்ஸை மலைச்சரிவு மேல் சாய்த்து நிறுத்தியது, எல்லாம் வரிசையாக வந்தன. அம்மா இதெல்லாம் தெரியும் என்பதுபோல வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு அப்பா டிரைவர் சீட் பக்கம் எட்டிப் பார்த்து, "இந்த லீவர் நுனியில என்னமோ பொத்தான் இருக்குதே, அது எதுக்கு?" என்றார். எனக்குத் தெரியாது. (வீடியோவில் சொல்லியிருப்பார்கள்!) டாஷ்போர்டுக்குள் கிடந்த புத்தகத்தைப் புரட்டினேன். 'டோ ஹால்' என்று பெயர். பாரம் இழுக்கும்போதும் மலை இறங்கும்போதும் போட வேண்டியது. போட்டுவிட்டு இறக்கத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டால் கியர் தானே ஒன்று குறையும், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். தமிழில் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார். "ஆட்டோமேட்டிக்குன்னாலும் மலை மலைதான்" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான் அவர் என்னைக் குத்தியது.

மற்ற நாட்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழாயிரம் அடிக்கு மேல் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேகாது. அம்மா குக்கர் கொண்டுவந்ததால் தப்பித்தோம். மிளகாய் தாளித்தபோதெல்லாம் புகை அலாரம் அலறியது. கடைசியில் தாளிக்கிற நேரம் மட்டும் துண்டால் விசிறுவது என் வேலை ஆனது. யெல்லோஸ்டோனில் நாங்கள் தங்கிய ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கூடாரம் போட அனுமதியே இல்லை, கரடி நடமாட்டம் அதிகம், கெட்டியான சுவர் உள்ள வண்டிகள்தான் நிற்கலாம். பெருங்காய வாசத்துக்கு எந்தக் கரடியும் வராது என்பது அப்பாவின் கட்சி. ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று எத்தனை மணிக்குப் பீறிடும் என்று பலகையில் எழுதி வைக்கிறார்கள், பத்து நிமிடம் முன்னே பின்னே ஆகலாம் என்ற குறிப்போடு. "பத்து நிமிஷமா? எங்க டைம் கீப்பர் மெமோ குடுத்துருப்பான்" என்றார். சரியாகத்தான் வந்தது, அதற்கும் கைதட்டினார்.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விடமுடியாது. ஆர்.வி.யில் கழிவுத் தொட்டி இருக்கிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை அதற்கான இடத்தில் குழாய் மாட்டித் திறந்துவிட வேண்டும். முதலில் கக்கூஸ் தொட்டி, பிறகு குளியல் தண்ணீர், அப்போதுதான் குழாய் கழுவப்படும். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் டாக்டராம், அவருக்கு முன்னால் ஒரு பாட்டி. எல்லோரும் கையுறை மாட்டிக்கொண்டு தங்கள் அசிங்கத்தைத் தாங்களே கழுவிவிட்டு, அடுத்தவரிடம் வானிலை பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்கள். நம் ஊரில் மனிதர்களைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், போதாதென்று 2013-ல் இன்னொன்று. இன்னமும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கிச் சாகவிடுகிறோம். அப்பா குழாயைப் பிடித்தபடி, "இங்க யாரும் யாரையும் கூப்பிடறதில்ல பாரு" என்றார்.

டீட்டன் போகும் வழியில் டோக்வோட்டீ என்று இன்னொரு கணவாய், 9,658 அடி. ஏறி முடித்ததும் பொத்தானைப் போட்டேன். அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு நான் அவர் சொன்னபடி ஓட்டினேன். "இப்பத் தொடு... விடு. எஞ்சின் சத்தத்தைக் கேளு. இந்த வளைவு அகலம், முன்னாடியே திருப்பாத. பின்னாடி ஒருத்தன் அவசரப்படறான், ஒதுங்கி அவனை விட்டுரு." அடிவாரக் குன்றுகளே இல்லாமல் தரையிலிருந்து நேராக எழுந்து நிற்கும் டீட்டன் சிகரங்கள் எதிரே வந்தன. அம்மா பின்னாலிருந்து "அய்யோ, என்ன அழகு" என்றார். நாங்கள் இருவரும் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சமதளத்தில் ஒரு இடத்தில் நிறுத்தி, "கொஞ்ச தூரம் நீங்க ஓட்றீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டேன். ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான், அது தப்பு என்று தெரிந்தேதான் கேட்டேன். ஸ்டீயரிங்கை ஒரு நிமிடம் பார்த்தார். "கண்ணு சரியில்லாம ஓட்டக்கூடாது தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போய் முன்சக்கரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஆழியாறு செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தும்போதெல்லாம் இப்படிச் செய்வார். சின்ன வயதில் அதை அவர் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்திருந்தேன். சூடு பார்க்கிறார்.

ஒன்பதாம் நாள் டென்வரில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். பிரேக் விஷயத்தையும் சொன்னேன், சோதித்துப் பார்ப்பதாகக் குறித்துக்கொண்டார்கள். நான் கணக்கு முடிப்பதற்குள் அப்பா நான்கு பக்கமும் போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வேலை செய்யும் பையன், அவர் என்ன தேடுகிறார், ஏதாவது தொலைந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டான்.

"இல்லை. அவர் மலைப்பாதையில் 24 வருடம் பஸ் ஓட்டியவர். சக்கரம் சூடாகியிருக்கிறதா என்று பார்க்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே.

'பஸ்' என்ற வார்த்தை கேட்டு அப்பா திரும்பிப் பார்த்தார். அந்தப் பையன் அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பெட்ரோல் முழுசாக இருக்கிறதா என்று பார்க்க உள்ளே ஏறினான்.