கடிப்பு

சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதாத தமிழாசிரியர் ஒருவர் எங்களுக்கு இருந்தார். கட்டுரை ஏட்டின் கடைசி வரிக்குக் கீழே தேதியும் கையொப்பமும் போடுவார், அவ்வளவுதான். மதிப்பெண்கூடக் கிடையாது. பத்துக்கு எட்டு, ஒன்பது என்று வாங்கிப் பழகி வந்த எங்களுக்கு அது பெரிய ஏமாற்றம். எங்கேயாவது ஒரு சொல்லின் அடியில் சின்னதாகக் கோடு இழுத்திருப்பார். அது பாராட்டா பிழையா என்று தெரியாது. கேட்டால், "நீயே பாருடே" என்பார்.

1981 ஜூலை. பாளையங்கோட்டை. பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குள் வந்த இரண்டாவது செட் நாங்கள். நெல்லைப் பக்கத்துக் கல்லூரிகள் அன்றைக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. மனோன்மணியம் சுந்தரனார் பெயரில் இங்கேயே ஒரு பல்கலைக்கழகம் வர இன்னும் ஒன்பது வருஷம் கிடந்தது. பகுதி ஒன்று தமிழுக்கு வேதியியல்காரர்களும் கணிதக்காரர்களும் ஒரே அறையில் உட்காருவோம். எழுபது பேருக்கு மேல். ஃபேன் சுற்றும், காற்று வராது.

முதல் வாரமே ஐயா ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். "காலேஜ்ல சேர வந்த அன்னைக்கு, எந்திரிச்சதுல இருந்து பஸ் ஏறுத வரைக்கும். ரெண்டு பக்கம் போதும்."

ரெண்டு பக்கம் என்ன, நான் ஐந்து பக்கம் எழுதினேன். கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான். புள்ளினங்கள் பூபாளம் பாடின. கல்லூரி என்னும் கலைக்கோயிலின் வாயிலில் காலடி வைத்தேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று துணைத்தலைப்புகள் போட்டு, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருந்தேன். கோனார் உரையிலும் மேடைப் பேச்சிலும் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அந்த வருஷம் ஜனவரியில்தான் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்து முடிந்திருந்தது. அடுக்குமொழி அப்போது காற்றிலேயே இருந்தது.

எனக்குப் பக்கத்து இருக்கையில் உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர்க்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். விடுதியில் எல்லாரையும் ஊர்ப்பெயரால் கூப்பிடுகிற வழக்கம் உண்டு. அவன் 'உடன்குடி'. அதிகம் பேசமாட்டான். அவன் எழுதியது ஒன்றே முக்கால் பக்கம். தலைப்பு இல்லை, துணைத்தலைப்பு இல்லை. ஐயா ஏடுகளைத் திருப்பிக் கொடுத்த நாளில் எல்லார் பெயரையும் கூப்பிட்டு முடித்த பிறகும் ஒரு ஏடு அவர் கையிலேயே இருந்தது.

"உடன்குடி யாருடே?"

இவன் எழுந்து நின்றான். திட்டு விழப்போகிறது என்று அவனும் நினைத்தான், நாங்களும் நினைத்தோம்.

"கடிப்புன்னா என்னது?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

"பாளைய நசுக்குதது, ஐயா. ரெண்டு கம்ப ஒரு பக்கம் சேத்துக் கெட்டினாப்புல இருக்கும். இடுக்கி மாதிரி."

"நசுக்கினா?"

"பதமா நசுக்கணும். அப்பதான் பதநி எறங்கும். வேகமா நசுக்கினா பாளை செத்துரும்."

ஐயா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட மனிதர், தொல்காப்பியத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர், முதலாண்டுப் பையன் ஒருவனிடம் சொல்லுக்குப் பொருள் கேட்டு எழுதிக்கொள்கிறார். பிறகு அடுத்த சொல். விடிலி என்றால்? பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை. முருக்குத்தடி? மரத்தில் கால் வைத்து முதல் எட்டு ஏறுவதற்குச் சாய்த்து வைக்கிற கம்பு. தளைநார்? காலில் மாட்டிக்கொள்கிற நார் வளையம். இப்படி ஆறு சொல் கேட்டார். ஆறுதான், எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏட்டில் ஆறு சொல்லின் கீழே சிவப்புக் கோடு இருந்தது. அன்று சாயங்காலம் விடுதியில் எண்ணிப் பார்த்தேன், பொறாமையால்தான்.

பன்னாடை வந்தபோது ஐயா கொஞ்சம் நின்றார். பதநீரில் விழுந்த எறும்பையும் தேனீயையும் அம்மா பன்னாடையில் வடிகட்டுவதாக அவன் எழுதியிருந்தான். "பன்னாடைய நாம வையுததுக்கு மட்டும்தான் வச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு நன்னூலுக்குப் போனார். மாணாக்கரில் அன்னமும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் நடுத்தரம். ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைத்தரம். நெய்யரி என்பது இந்தப் பன்னாடைதான். நெய்யைக் கீழே விட்டுவிட்டு அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். "ஆனா அவங்க அம்மைக்கு அது நல்ல சாமான்" என்றார்.

அவன் எழுதியதில் இன்னும் எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். அவன் கிளம்புகிற நேரத்தில் அப்பா மரத்தின் மேல் இருந்தார். பனங்காட்டில் ஆடி வரைக்கும் ஓய்வு கிடையாது. ஒரு நேரம் சீவாமல் விட்டாலும் பாளை வறண்டுவிடும் என்பதால் மகன் கல்லூரிக்குப் போகிற நாளிலும் அவர் இறங்க முடியாது. இவன் டிரங்குப் பெட்டியோடு மரத்தடியில் நின்று "போய்ட்டு வாரேன்" என்றான். மேலே அரிவாள் சத்தம் ஒரு நொடி நின்றது, மறுபடி கேட்டது. அம்மா விடிலியிலிருந்து வந்து ஒரு பட்டைப் பதநீர் கொடுத்தாள். பட்டை நுனியில் வாயை வைத்துக் குடித்தபோது சட்டைக் காலரில் சிந்தியது. பஸ்ஸில் திருச்செந்தூர் தாண்டுகிறவரை காலரில் எறும்பு இருந்தது. அதோடு கட்டுரை முடிந்துவிட்டது. முடிவுரை இல்லையே என்று நான் அவனிடம் கேட்டது நினைவிருக்கிறது. "பஸ் ஏறுத வரைக்கும்தானல எழுதச் சொன்னாரு. நான் திருச்செந்தூர் வரைக்குமே எழுதிட்டேன்" என்றான்.

அது பாரதி நூற்றாண்டு நெருங்கிய காலம். கல்லூரிக்குக் கல்லூரி கட்டுரைப் போட்டி. எங்கள் தமிழ் மன்றப் போட்டியில் முதலாண்டு மாணவர்களில் எனக்குத்தான் முதல் பரிசு. பரிசு, மு.வ.வின் திருக்குறள் தெளிவுரை, கழக வெளியீடு, கையடக்கம். அந்தக் காலத்தில் எதில் ஜெயித்தாலும் அதுதான் கிடைக்கும். மூன்று வருஷத்தில் என்னிடம் நான்கு பிரதிகள் சேர்ந்தன. ஒன்றை அக்கா கல்யாணத்துக்குக் கொடுத்தோம்.

அந்தப் பரிசினாலும் என் கையெழுத்தினாலும் ஆண்டு மலர்க் குழுவில் முதலாண்டுப் பிரதிநிதியாக என்னைப் போட்டார்கள். ஆண்டு மலர் என்றால் முதல்வரின் அறிக்கை, என்.சி.சி. குழுப் படம், கேடயத்தோடு கபடி அணி, பிறகு தமிழ்ப் பகுதி, ஆங்கிலப் பகுதி. முதலாண்டுப் பிள்ளைகள் எழுதியது அதில் வருவது அபூர்வம். மூன்றாம் ஆண்டு அண்ணாச்சிகளின் புதுக்கவிதைக்கே இடம் போதாது. அந்த வருஷம் ஐயா பிடிவாதமாக உடன்குடியின் கட்டுரையைப் போடச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மலர்ப் பொறுப்பு வேறு ஆசிரியருடையது.

மாணவ ஆசிரியராக இருந்த அண்ணாச்சி ஏட்டை என்னிடம் கொடுத்து, "பேச்சு வழக்கா கெடக்கு. நல்ல தமிழா மாத்திப் படியெடுத்துக் குடுத்துரு" என்றார். அவர் மேல் பழி போட்டுத் தப்பிக்க எனக்கு இன்றைக்கும் ஆசைதான். ஆனால் அன்று இரவு விடுதியில் பிரில் மையை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்கு இருந்தது சந்தோஷம். கடிப்பை 'மரக்கருவி' ஆக்கினேன். விடிலி 'சிறு குடில்' ஆனது. பட்டை 'குவளை' ஆனது. பன்னாடையை 'மெல்லிய வடிகட்டி' என்று எழுதிவிட்டு, நாகரிகமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். காலரில் எறும்பு வந்ததை எடுத்தேவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு முடிவுரை. தொடக்கத்தில் கதிரவன் பொற்கரம் நீட்டினான். தலைப்பு, 'உழைப்பே உயர்வு'.

அவனிடம் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அச்சகம் ஜங்ஷன் பக்கம். புரூஃப் வாங்க நான்தான் சைக்கிளில் கொக்கிரகுளம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போவேன். ஈய எழுத்துக் கேஸுக்கு முன்னால் கம்பாசிட்டர் நின்றுகொண்டே கோத்துக்கொண்டிருப்பார். எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978இலேயே வந்துவிட்டாலும் அச்சகத்தில் பழைய எழுத்தும் புதிய எழுத்தும் கலந்து கிடந்தன. புது எழுத்துத் தீர்ந்தால் பழையதைக் கோத்துவிடுவார். இவன் கட்டுரையில் பனை, ஓலை, பாளை, விளை என்று எல்லாமே துதிக்கை தூக்கின பழைய எழுத்துக்கு மாட்டுகிற சொற்கள். அதனால் ஒரே பக்கத்தில் ஒரு பனை துதிக்கையோடும் இன்னொரு பனை துதிக்கை இல்லாமலும் அச்சாகிவிட்டது. அதை ஒரு குறை என்று சொல்லிக் கம்பாசிட்டரிடம் வாதாடினேன். நான் கண்ட குறை அது.

1982 மார்ச்சில் மலர் வந்தது. உடன்குடி தன் பக்கத்தைப் படித்தான். இரண்டு தடவை படித்தான் என்று நினைக்கிறேன். "நல்லாருக்குல்லா" என்றான். குரலில் ஒன்றும் இல்லை. ஐயா தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, "படியெடுத்தது யாரு?" என்றார். "நான்தான் ஐயா." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "உனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நெய்யரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே கணக்குத் தீர்ந்திருக்கும்.

அந்த வருஷம்தான் கி.ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி வந்தது. கரிசல்காட்டு வாயில் புழங்குகிற சொற்களை ஒரு சம்சாரி உட்கார்ந்து அகராதியாக்கியிருக்கிறார் என்று ஐயா புத்தகத்தை வகுப்புக்கே எடுத்து வந்தார். அதை உடன்குடியின் முன்னால் வைத்து, "உங்க தேரிக்கு இப்படி ஒண்ணு நீ எழுதணும்டே" என்றார். உடன்குடி எழுதவில்லை. பி.எஸ்சி. முடித்து மின்வாரியத்துக்குப் போனான். எழுதியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல முடியாது. எனக்கு அந்த உரிமை கிடையாது.

நான் வேதியியலை முடித்துக்கொண்டு தமிழ் எம்.ஏ.வுக்குத் தாவினேன், அப்புறம் முப்பது வருஷம் முதலாண்டு ஏடுகளைத் திருத்தினேன். ஒரு வகுப்புக்கு எழுபது ஏடு இருந்தால் அறுபத்தைந்தில் கதிரவன் கையை நீட்டுவான். கடைசி வருஷங்களில் கதிரவன் போய், கைப்பேசியில் வந்த தன்னம்பிக்கைப் பத்தி அப்படியே ஏட்டில் இறங்கியது. நான் தேடியது எனக்குத் தெரியாத சொல்லை. மீன்பிடி ஊர்ப் பெண் ஒருத்தி வலை பற்றி எழுதினாள். தீப்பெட்டி ஆலைக்குப் போய் வந்த பையன் ஒருவன் அடுக்குக் கட்டை பற்றி எழுதினான். பொருள் கேட்டால் முதலில் பயந்துவிடுவார்கள். பிறகு நம்மைவிட உயரமாகிவிடுவார்கள். ஐயாவைப் போலச் சின்ன நோட்டு நானும் வைத்துக்கொண்டேன். ஆனால் 'நன்று' போடாமல் இருக்க மட்டும் என்னால் முடியவில்லை. பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால் போட்டுவிடுவேன்.

போன மாதம் உடன்குடியிடம் தொலைபேசியில் பேசினேன். ஓய்வு பெற்று ஊரிலேயே இருக்கிறான். அந்த மலரை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனது பற்றிப் பேச்சு வந்தது. அவன் அப்பாவுக்கு எழுதப்படிக்கத் தெரியாது. தங்கச்சி சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். முழுசும் கேட்டுவிட்டு அவர், "நல்லாத்தான் எழுதிருக்கான். யாரப் பத்தி?" என்றாராம். சொல்லிவிட்டு உடன்குடி சத்தமாகச் சிரித்தான். நாற்பது வருஷமாக அவனுக்கு அது ஒரு வேடிக்கைக் கதை.

அந்த ஏடு எங்கே என்று கேட்டேன். கறையான் தின்றிருக்கும் என்றான். அவர்கள் விளையில் இப்போது ஏறுகிற ஆள் இல்லை. மரம் நிற்கிறது.

மலர் என்னிடம் இருக்கிறது. பைண்டிங் விட்டுப்போய், ஊக்கு துருவேறிக் கிடக்கிறது. 'உழைப்பே உயர்வு' பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் நேற்று எழுதினேன். மரக்கருவிக்கு நேராகக் கடிப்பு. குடிலுக்கு நேராக விடிலி. ஏணி போன்ற கம்புக்கு முருக்குத்தடி. கால்வளையத்துக்குத் தளைநார். வடிகட்டிக்குப் பன்னாடை. ஆறாவதாகக் கோடு விழுந்த சொல் இன்னொன்று. பட்டை இல்லை, அதற்கு ஐயா கோடு போடவில்லை. உடன்குடியிடமும் கேட்டேன். "என்ன எழுதுனேன்னு எனக்கே தெரியாதுல" என்றான். நான் போட்ட குவளைகளையும் கருவிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதற்குள்ளேயோ அது இருக்கிறது.