மணிமுத்தாற்றங்கரையில் ஒரு துறைமுகமா?

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்குகிறவர்களிற் பலர் பழமலைநாதரைத் தரிசிக்க வருகிறவர்கள். நாமும் தரிசித்தோம், ஆயினும் வந்த காரியம் பீங்கான்.

நெய்வேலிப் பக்கத்து வெண்களிமண்ணே இவ்வூர்த் தொழிலுக்கு ஆதாரம். மண்ணைக் குழம்பாகக் கரைத்துச் சுண்ண அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, பொம்மை பிறக்கிறது. பிறகு உலர்த்தல், மெருகு, சூளை. அகல் விளக்குகளும் மின்சாரப் ப்யூஸ் கட்டைகளும் இங்கே உருவாகின்றன. இவ்வளவு நுட்பமான கைத்தொழில் கடல் கடந்து செல்ல வேண்டாமா?

அங்கேதான் சிக்கல். சிறு பட்டறைக்காரரால் இருபது அடிக் கப்பற் பெட்டியைத் தனியே நிரப்ப முடியாது. லாரி மாற்றி லாரி ஏற்றினாலோ, பீங்கானின் கதி நேயர்கள் அறிந்ததே! இதற்குப் பரிகாரமாக ஏற்பட்டதே உள்நாட்டுத் துறைமுகம். பலருடைய சரக்கை ஒரே பெட்டியில் சேர்க்கலாம். சுங்க அதிகாரி அங்கேயே பரிசோதித்து முத்திரையிடுவார். பெட்டி ரயிலேறிக் கப்பலை அடையும். நம் நாட்டில் முதன்முதல் 1981-ல் அமைந்தது, கடல் கண்ணிற்படாத பெங்களூரில். பின்னர் 1988-ல் இதற்கெனவே ரயில்வேயைச் சார்ந்த ஒரு கம்பெனி தோன்றியது. கோயமுத்தூரை அடுத்த இருகூரிலும் இத்தகைய நிலையம் உண்டு.

"அலையில்லாத துறைமுகமா?" என்று நம் வகுப்பில் மாணவர்கள் நகைப்பதுண்டு. இவ்வூர்ப் புராணமே அவர்களுக்கு விடை. சுந்தரர் இங்கே பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தாராம். இடுமுன் மாதிரிக்கு ஒரு துண்டு மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார்; சரக்கு மாறாதிருக்க வேண்டுமல்லவா? முத்திரையும் ரசீதும் வேறென்ன செய்கின்றன?

விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நாற்றிசைக்கும் ரயில் பிரியும் இந்த ஜங்ஷனில் அப்படியொரு நிலையம் வேண்டுமென்பது நம் அபிப்பிராயம். பட்டறைகள் பெருநகரத்துத் தரகரை நம்பியிராமல் நேரே வெளிநாட்டு வர்த்தகரோடு பேசலாம்; தொழில் கற்ற இளைஞர் ஊரிலேயே தங்கலாம்.

ஆனால் பொம்மையும் அகலும் மட்டுமே ஒரு ரயிலை நிரப்பிவிடா. சரக்கு ஒழுங்காக வராத நிலையத்தில் வண்டி காத்து நிற்காது. பண்ணுருட்டி முந்திரியும் சேலத்து ஜவ்வரிசியும் பீங்கானோடு கூட்டுச் சேர வேண்டும். அந்த வியாபாரிகளை ஒரே கூடத்தில் உட்கார வைப்பதுதான் தண்டவாளம் போடுவதினும் கடினமான வேலை.