உளுத்த பாறை

போர்வெல் ஓடும்போது ரிக் வண்டியைப் பார்ப்பவர்கள் அதிகம். நான் சல்லடையைப் பார்ப்பேன். பத்தடிக்கு ஒருமுறை வெளியே வரும் கல்சில்லைக் கழுவி, உள்ளங்கையில் பரப்பி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் என் தொழிலில் பாதி.

கோவைப் பக்கம் ஒரு தோட்டம். 40 அடி வரை செம்மண்ணும் உளுத்த பாறையும். அதற்குக் கீழே நைஸ் என்னும் கடினப் பாறை. சாம்பல் புழுதி கிளம்பி, பக்கத்துத் தென்னை ஓலையெல்லாம் வெளுத்துவிட்டது. 300 அடி தாண்டியும் அடங்கவில்லை.

“ஏனுங்க, இன்னும் ஒரு நூறு விட்டுப் பாக்கலாமுங்களா?” என்றார் தோட்டக்காரர். குரல் கம்மியிருந்தது.

310 அடியில் ராடு லேசாக உதறியது. கையில் விழுந்த சில்லில் ஒரு பக்கம் மட்டும் துரு நிறம். தண்ணீர் நடந்த வழியில் இரும்பு படிந்த தடம் அது. அடுத்த சில நிமிடங்களில் புழுதி சேறாகி, இரண்டு இஞ்ச் தண்ணீர் பீய்ச்சியது. எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள்.

மூன்றாவது கோடையில் அந்த போர் காற்று வாங்கியது. “ஆயிரம் அடிக்கு இறக்கிரலாமுங்களா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலம் இப்படிப்பட்ட கடினப் பாறைதான். உளுக்காத நைஸ், சார்னோக்கைட் போன்ற பாறைகளில் நீர் தங்கும் துளையிடம் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. 310 அடியில் நாங்கள் தொட்ட வெடிப்பு வெறும் குழாய். தொட்டி மேலே இருந்தது, அந்த 40 அடி உளுத்த பாறையில். மழை அங்கே தங்கி, வெடிப்பு வழியே கீழே கசிகிறது. தொட்டி வற்றினால் குழாயை நீட்டி என்ன பயன்? ஆழம் போகப் போக மேலிருக்கும் பாரம் அழுத்துவதால் வெடிப்புகளும் பெரும்பாலும் இறுகிவிடும். ஆறரை இஞ்ச் போர் ஆயிரம் அடிக்கு விளிம்பு வரை நிறைந்திருந்தாலும் அதில் நிற்பது சுமார் 6,500 லிட்டர். இதில் ஒரு வேடிக்கை, மண் சரியக்கூடாதென்று நாம் கேசிங் இறக்கி அடைப்பது அந்தத் தொட்டியைத்தான்.

நிறையப் பிடித்து வைக்கும் பொருளெல்லாம் தண்ணீர் கொடுத்துவிடாது. களிமண் தன் கன அளவில் பாதிவரைகூட நீரை வைத்திருக்கும், கேட்டால் கஞ்சன். மணற்கல்லில் தொட்டியும் குழாயும் ஒன்றே. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் கடலூர் மணற்கல்லில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. சுரங்கத்தின் தரை பிளந்துவிடாமல் இருக்க இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் இன்னொரு ஜாதி. மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்துக் குகை வழிகளையே போட்டுவிட்டது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். மலக்குழிக் கசிவும் அந்தக் குகை வழிகளில்தான் கிணற்றுக்கு வரும்.

நானும் சறுக்கியிருக்கிறேன். தர்மபுரிப் பக்கம் டோலரைட் என்ற கருங்கல், பாறைக்குள் சுவர்போலக் குறுக்கே ஓடும். ஒரு பக்கம் நீரைத் தேக்கும், மறுபக்கத்தைக் காயப்போடும். மின்தடை அளக்கும் கருவியை நம்பி, நடந்து பார்க்கச் சோம்பி, காய்ந்த பக்கத்தில் புள்ளி வைத்தேன். 450 அடி வெறும் புழுதி. சுவரின் மறுபுறம், கூப்பிடு தூரத்தில், ஒரு கிணற்றில் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த விவசாயி என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கோவைத் தோட்டத்தில் ஒரு பழைய கிணறு இருந்தது. 50 அடி ஆழம், உளுத்த பாறையை முழுக்கத் திறந்து வைத்த கிணறு. பாதி வரை குப்பை. ஆயிரம் அடிக்கு ஆகும் பணத்தில் ஒரு பங்கை வைத்து அதைத் தூர்வாரி, வாய்க்கால் நீரை வண்டல் தெளியவைத்து உள்ளே விடச் சொன்னேன். முனகிக்கொண்டே செய்தார்.

உங்கள் தோட்டத்திலும் அப்படி ஒரு கிணறு இருந்தால், தயவுசெய்து மூடிவிடாதீர்கள்.